பார்வை போனபிறகு காசைக் கையாளும் வழி

கண் அழுத்த நோய் என் பார்வையைப் பறித்தபோது பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாமதமாகத் தெரிந்ததை நீங்கள் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வேலை மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID). ஆன்லைனில் பதிந்து, அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டிச் சான்று வாங்குங்கள். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதக் குறைபாடாவது வேண்டும். பிறகு உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் மனு. இழுத்தடித்தால், திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒரு வங்கியில் எனக்கு ஏடிஎம் கார்டு தர மறுத்தார்கள். பார்வையில்லை என்பதற்காகச் செக் புக், ஏடிஎம், லாக்கர் எதையும் மறுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எழுதிக் கொடுத்துக் கேட்டேன், வந்தது.

நோட்டைத் தடவிப் பழக எனக்கு ஒரு மாசம் பிடித்தது. 100 ரூபாயில் முக்கோணம், 500இல் வட்டம் மேடாக இருக்கும். ஓரக்கோடுகள் 100க்கு நான்கு, 500க்கு ஐந்து. கசங்கிய நோட்டில் மேடு தேய்ந்துபோகும். அப்போது நீளம் பாருங்கள், புதிய 100ஐவிட 500தான் நீளம்; பழைய பெரிய 100 மட்டும் 500ஐவிட நீளமாக இருக்கும். சந்தேகம் வந்தால் ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி வாய்விட்டுச் சொல்லும், நெட் வேண்டாம். நான் 500ஐ மட்டும் நான்காக மடித்துச் சட்டையின் உள்பையில் வைக்கிறேன்.