தீவுப் பல்லிகளின் வெப்பத் தகவமைப்பு: ஆராய்வோர் சறுக்கும் இடங்கள்

கரையோரப் பல்லியின் உடல் வெப்பத்தைத் தாங்கவும் மலைப் பல்லியின் உடல் குளிரைத் தாங்கவும் மாறியிருக்கும் என்று வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்டுவதே இத்துறையில் அடிக்கடி நேரும் தவறு. இதில் பாதிதான் சரி. கரீபியக் கடலிலுள்ள ஹிஸ்பானியோலாத் தீவில், அனோலிஸ் என்னும் பல்லிப் பேரினத்தின் சைபோட்டிஸ் குழுவைச் சேர்ந்த பல்லிகள் கடல்மட்டம் முதல் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகள் வரை வாழ்கின்றன. உயரம் கூடக்கூட அவற்றின் குளிர்தாங்கும் திறன் தெளிவாகக் கூடுகிறது, ஆனால் அவை தாங்கக்கூடிய உச்ச வெப்பம் பெரிதும் மாறுவதில்லை. மலையில் அவை மரத்தை விட்டுப் பாறைகளில் அமர்ந்து வெயில் காய்வதால், பகலில் உடல்வெப்பம் சமவெளி உறவுகளுடையதை ஒட்டியே நிற்கிறது. இரவிலோ தேடிப் போக வெயில் இல்லை. குளிரை உடலே எதிர்கொள்ள வேண்டும். எனவே இயற்கைத் தேர்வு குளிர் எல்லையின் மீது கடுமையாகவும் வெப்ப எல்லையின் மீது மென்மையாகவும் செயல்படுகிறது. நடத்தையைக் கணக்கில் எடுக்காதவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது.

காற்றின் வெப்பத்தையே பல்லியின் வெப்பமாகக் கொள்வதும் பிழை; வெயிலும் நிழலும் உடல்வெப்பத்தை மாற்றிவிடும். பல்லி வடிவில் செய்த உள்ளீடற்ற செப்பு உருவங்களைப் பல்லிகள் அமரும் இடங்களில் வைத்து அளப்பது அதற்காகத்தான். அதேவேளை, எல்லாப் பல்லியும் வெயில் காயும் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் கூடாது. மற்றொரு கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவின் அனோலிஸ் கிரிஸ்டடெல்லஸ் என்னும் இனம் திறந்த வெளியில் வெயில் காய்கிறது. வெயில் தேடி அலைவது கட்டுப்படியாகாத அடர்நிழல் காட்டிலோ சூழலின் வெப்பத்தையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

இதே இனம் 1970களில் அமெரிக்காவின் மயாமி நகரில் குடியேறி, சுமார் 35 ஆண்டுகளில் போர்ட்டோ ரிக்கோவிலுள்ள மூலக் கூட்டத்தைவிட ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ் கூடுதலான குளிரைத் தாங்கியது. உடனே பரிணாமம் என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒரே பல்லி தன் வாழ்நாளிலேயே குளிருக்குப் பழகிக்கொள்வதும் உண்டு. இரு கூட்டங்களின் குஞ்சுகளையும் ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்த பிறகே மரபணுவின் பங்கைத் துணிந்து கூறலாம்.

சராசரி வெப்பத்தை மட்டும் ஒப்பிடுவதும் போதாது. பல்லியின் ஓட்டத்திறன் உகந்த வெப்பம் வரை மெல்ல ஏறி, அதைத் தாண்டியதும் சட்டென்று சரிகிறது. ஒரே சராசரி கொண்ட இரண்டு தீவுகளில் நண்பகல் உச்சம் அதிகமுள்ள தீவே ஆபத்தானது. வெப்பமான இடம் பெரும்பாலும் வறண்டதாகவும் இருப்பதை மறப்பவர்களும் உண்டு. வறண்ட பகுதிக் கிரிஸ்டடெல்லஸ் பல்லிகள் ஈரக்காட்டுப் பல்லிகளைவிட மெதுவாகவே நீரை இழக்கின்றன. அதை வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.