கணுக்கால் சுளுக்கு: வலி போன பிறகுதான் வேலை தொடங்குகிறது

பூப்பந்திலோ ஃபுட்சாலிலோ பாதம் உள்பக்கம் மடங்கிக் கணுக்கால் வீங்கிவிட்டதா? முதலில் எலும்பைச் சோதியுங்கள். இருபக்கக் கணு எலும்புகளின் நுனியையும், அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரை பின்விளிம்பையும் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளியோரம் நடுவில் துருத்தும் எலும்பையும், உள்வளைவின் மேலுள்ள எலும்பையும் அழுத்துங்கள். எங்காவது சுருக்கென்று வலித்தாலோ, நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எலும்புக்குச் சேதமில்லை என்றால் முதல் மூன்று நாள் எலாஸ்டிக் கட்டுப் போட்டு, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வையுங்கள். ஐஸை வலி குறையத் துணியில் சுற்றி 10-15 நிமிடம் வைக்கலாம். "சுளுக்கு எடுக்கிறேன்" என்று எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவ யாரையும் விடாதீர்கள். எலும்புகளை இணைக்கும் நார்கள் கிழிந்திருப்பதால், அங்கே இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். அதற்காக முழுதாகப் படுத்துக்கிடக்கவும் வேண்டாம். வலி தாங்கும் அளவுக்குக் காலை ஊன்றுங்கள்.

வீக்கம் வடியத் தொடங்கியதும் வெளிப்பக்கத் தசைக்குப் பயிற்சி. ரப்பர் பட்டையின் ஒரு முனையை நல்ல காலின் பக்கமுள்ள மேசைக் காலில் கட்டி, மறுமுனையை அடிபட்ட பாதத்தில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். மெதுவாகத் திரும்ப விடுங்கள். 15 முறை, மூன்று சுற்று. பலரும் தொடையைத் திருப்பி ஏமாறுகிறார்கள். முழங்கால் அசையவே கூடாது.

அடுத்தது சமநிலை. நார் கிழியும்போது, பாதம் எப்படிச் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிவிடுகிறது. வலி நின்றாலும் அது தானாகத் திரும்பாது. மறுபடி மறுபடி அதே கால் மடங்க இது ஒரு முக்கியக் காரணம். சமையலறை மேடை அருகே வெறுங்காலில் ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். ஆடாமல் நிற்க முடிந்ததும் கண்ணை மூடி, பிறகு தலையணை மேல், பிறகு சுவரில் பந்தெறிந்து பிடித்தபடி. தினமும் 10 நிமிடம், குறைந்தது ஆறு வாரம். இதைத் தயவுசெய்து பாதியில் விடாதீர்கள்.

ஓடும் முன் மூன்று சோதனை: ஒற்றைக் காலில் 20 முறை குதிகால் உயர்த்த வேண்டும், குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடும்போது கால்விரலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள அதிகபட்சத் தூரம் இரு காலுக்கும் 2 செ.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். வலியின்றிக் குதிக்க வேண்டும். தேறினால் முதலில் நேர் ஓட்டம், பிறகு எட்டு வடிவில், கடைசியில் ஆட்டம். மறுநாள் காலை வீங்கினால் ஒரு படி இறங்குங்கள்.

இரண்டு வாரத்தில் முன்னேற்றமே இல்லையென்றால், சிங்கப்பூரில் இருப்பவர்கள் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் போனால், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மருத்துவமனை இயன்முறை சிகிச்சை மானியக் கட்டணத்தில் கிடைக்கும்.