குண்டாஸ் போட்ட வீட்டிலும் சாட்சி சொன்னவர் வீட்டிலும் நடக்கும் தவறுகள்

போன மாதம் கடலூர் கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் இரண்டு இளம் வக்கீல்கள் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் மஞ்சப்பையில் தடித்த புக்லெட், அதாவது குண்டாஸ் ஆணையோடு கொடுக்கும் ஆவணக் கட்டு. மகனுக்குக் குண்டாஸ் போட்டு 9 நாள் ஆகியிருந்தது. "ஆணையை எதிர்த்து அரசுக்குப் போடற முறையீடெல்லாம் சும்மா சடங்கும்மா, எப்படியும் தள்ளிடுவாங்க. நேரா ஹைகோர்ட்ல பார்த்துக்கலாம்" என்றார் ஒருவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 15 வருஷத்துக்கு முன் இதே வார்த்தையை நானும் நம்பியவன்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைத்தான் சொல்ல வந்தேன்.

முறையீட்டைச் சடங்காக நினைப்பது

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டப்படி, விசாரணையே இல்லாமல் ஒருவரை 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். மாவட்டத்தில் ஆணை போடுபவர் ஆட்சியர், மாநகரத்தில் போலீஸ் கமிஷனர். 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தராவிட்டால் ஆணை நிற்காது. 3 வாரத்துக்குள், ஆணை சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். அங்கே வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. அதனால்தான் அரசமைப்புச் சட்டத்தின் 22(5) தருகிற முறையீட்டு உரிமையை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

அரசு பெரும்பாலும் தள்ளிவிடும், அது உண்மைதான். ஆனால் மனு போய்ச் சேர்ந்த நாள் முதல் ஒவ்வொரு நாளுக்கும் அரசு கணக்குச் சொல்ல வேண்டும். ஆளை விடுவிக்கக் கேட்டு ஹைகோர்ட்டில் போடும் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வரும்போது அரசுத் தரப்பு ஒரு தேதிப் பட்டியலைக் கொடுக்கும். மனு வந்த நாள், விளக்கம் கேட்ட நாள், விளக்கம் வந்த நாள், கோப்பு துணைச் செயலாளரிடம் போன நாள், அமைச்சர் முடிவெடுத்த நாள், பதில் சிறைக்குப் போன நாள் எல்லாம் அதில் இருக்கும். விடுமுறைகளைக் கழித்தபிறகும் காரணம் சொல்ல முடியாத நாட்கள் மிஞ்சினால் ஆணை ரத்தாகும். வழக்கு உண்மையா பொய்யா என்ற பேச்சுக்கே போக வேண்டாம். எத்தனையோ குண்டாஸ் ஆணைகள் இந்தப் பட்டியலில்தான் விழுந்திருக்கின்றன.

15 வருஷத்துக்கு முன் நான் பார்த்த பையனுக்கு 22 வயது, கடலுக்குப் போகிறவன். பக்கத்து வீட்டுக்காரரை ஒரு ஸ்டேஷனின் பின்கட்டில் வைத்து போலீஸ் அடித்ததை நேரில் பார்த்தவன். கோட்டாட்சியர் விசாரணையில் அதை அப்படியே சொன்னான். ஒரு மாதத்தில் அவன் மேல் ஒரு வழக்கு வந்தது: கத்தியைக் காட்டிப் பணம் பறித்தான், பொதுமக்கள் அஞ்சிச் சிதறி ஓடினர், கடைகள் அடைக்கப்பட்டன. புக்லெட்டுகளைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த வரிகள் மனப்பாடம். அதற்கு முன்பிருந்த இரண்டு அடிதடி வழக்குகளையும் சேர்த்துக் குண்டாஸ் போட்டார்கள்.

நான் முறையீடு எழுதினேன். ஆனால் மனசார எழுதவில்லை, சடங்குக்கு எழுதினேன். ஒரு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சரி, வச்சிட்டுப் போங்க" என்றார் அங்கிருந்தவர். வைத்துவிட்டு வந்துவிட்டேன். நகலில் முத்திரை வாங்கவில்லை. ஹைகோர்ட்டில் அரசுத் தரப்பின் எதிர்வாக்குமூலத்தில் ஒரே வரி வந்தது: முறையீடு எதுவும் பெறப்படவில்லை. என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பையன் 12 மாதமும் கேப்பர் மலைச் சிறையில் இருந்தான். வெளியே வந்தபிறகு, ஸ்டேஷனில் அடித்தது பற்றிய விசாரணைக்கு மறுபடி கூப்பிட்டார்கள். "நான் எதையும் பார்க்கலை" என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சாட்சியை உடைப்பதற்காகப் போட்ட ஆணைக்கு நான் ஒரு வருஷம் முழுசாகக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே அன்றன்றே எழுதுங்கள். அரசின் ஒப்புதல் வருவதற்குள் ஆணை போட்டவருக்கே ஒரு மனு. தலைமைச் செயலகத்தில் உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கு இன்னொன்று. அம்மாவோ மனைவியோ அனுப்பலாம். சிறைக் கண்காணிப்பாளர் வழியாக உள்ளே இருப்பவரும் அனுப்பலாம். ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட், ரசீது பத்திரம். டீக்கடையில் அந்த அம்மாவை உட்காரவைத்து அங்கேயே எழுதினோம். தபாலாபீஸ் மூடுவதற்குள் ஓடினோம்.

புக்லெட்டைப் பக்கம் பக்கமாகப் பார்க்காதது

பக்க எண் போட்டுப் படியுங்கள். மங்கிய ஜெராக்ஸ், விட்டுப்போன பக்கம், தமிழாக்கம் இல்லாத ஆங்கில உத்தரவு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆணைக்கு ஆதாரமாக எடுத்த ஆவணத்துக்குத் தமிழாக்கம் தராததற்காகவே தமிழ்நாட்டுக் குண்டாஸ் ஆணை ஒன்றை 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புரியாத பக்கத்தின் நகலைக் கேட்டு முறையீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

யோசிக்காமல் ஜாமீன் மனு போடுவது

நிலுவையில் இருக்கும் ஜாமீன் மனுவைக் காட்டித்தான் "வெளியே வந்துவிடுவான்" என்று குண்டாஸ் ஆணையில் எழுதுகிறார்கள். பழிவாங்கும் வாடை அடித்தால் அனுபவமுள்ள வக்கீலைக் கேட்டபிறகு போடுங்கள்.

ஆள் எங்கே என்று வாயால் மட்டும் கேட்பது

1993இல் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன ராசாக்கண்ணுவை அடித்துக் கொன்றுவிட்டு, தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அந்தப் பொய்யை உடைக்க அவர் மனைவிக்கு ஆட்கொணர்வு மனுதான் வழி விட்டது. அந்தக் காலத்தில் நாங்கள் முதலில் ஓடுவது தந்தி ஆபீசுக்கு. எத்தனை மணிக்குத் தந்தி அடித்தோம் என்பதே கோர்ட்டில் ஆதாரம். 2013 ஜூலையில் தந்தி நின்றுவிட்டது. இப்போது எஸ்.பி.க்கும் நீதித்துறை நடுவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவில்லை என்பதை அந்த நேரக் குறிப்பு சொல்லும்.

கேமரா இருக்கிறதே என்று சும்மா இருப்பது

ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் ஜூனில், தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்த சாத்தான்குளம் ஸ்டேஷனில் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை நடுவர் நேரில் போய்க் கண்டுபிடித்தார். பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அந்த வாரமே மனு கொடுங்கள்.

சாட்சியை விசாரணைக்குத் தனியாக அனுப்புவது

கூடாது. ஒரு தடவைகூடக் கூடாது.

மிரட்டலை அதே ஸ்டேஷனில் புகார் சொல்வது

சாத்தான்குளத்தில் உள்ளே நடந்ததைச் சொன்ன பெண் தலைமைக் காவலருக்கே ஹைகோர்ட் மதுரைக் கிளை பாதுகாப்புக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. சாதாரண மீனவர், கூலிக்காரர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்படி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஒரு சிக்கல் இருக்கிறது. ஆபத்து எவ்வளவு என்று அறிக்கை தருபவர் அந்த உட்கோட்டத்து டி.எஸ்.பி. அடித்தவர்களே அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களாக இருக்கலாம். எனவே விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்: மிரட்டுவது போலீஸ்காரர்கள், எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி, எந்த போன் நம்பரில் இருந்து. அறிக்கையை வேறு உட்கோட்டத்து அதிகாரியிடம் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.