ரைஃபிள் சேஃப்டியை நவீனமாக்குவது: ஒரு பிளைவுட் மாதிரியில் செய்து பார்க்கும் முறை

மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்டுக்கு எடுக்கக்கூடிய நல்ல டிசைன் கணக்குகளில் இது ஒன்று. ராணுவ ரைஃபிள் தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி லீவர் பெரும்பாலும் கட்டைவிரல் அளவுள்ள சின்ன உதிரிபாகம்தான். ஆனால் அதில் ஒரு மில்லிமீட்டரை மாற்றினால் நன்மை ஒரு பக்கம் வரும், கேடு இன்னொரு பக்கம் வரும். அந்தக் கொடுக்கல் வாங்கலைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. விரலால் தொட்டுத்தான் தெரியும். அதற்கு வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு சின்ன லேத் பட்டறையின் உதவியும் ஒரு வாரமும் போதும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. முழுத் துப்பாக்கி வடிவத்தில் எதையும் செய்யாதீர்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் போலித் துப்பாக்கிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அது மட்டுமல்ல, அப்படி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்குத் தேவை ஒரு கைப்பிடி, ஒரு பக்கப்பலகை, ஒரு லீவர், அவ்வளவுதான். குழல், டிரிகர், சுத்தியல் எதுவும் வேண்டாம். லைசென்ஸ் உள்ள அசல் துப்பாக்கி வீட்டில் இருந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. அது லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

செய்யத் தொடங்குமுன் பழைய டிசைன்கள் எதை விட்டு எதைப் பிடித்தன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.கே.-47 வழிவந்த ரைஃபிள் குடும்பத்தில் லீவர் வலப்பக்கம், நீளமான தகடு. மேலே இருந்தால் சேஃப் (சுடாது), நடுவில் ஆட்டோ (டிரிகரை விடும்வரை தொடர்ந்து சுடும்), கடைசியில் சிங்கிள் (ஒரு அழுத்தத்துக்கு ஒரு தோட்டா). கட்டைவிரலுக்கு எட்டாது. பலருக்கு வலக்கையைப் பிடியிலிருந்து எடுத்தால்தான் லீவர் நகரும். நகரும்போது 'டக்' என்று சத்தமும் கேட்கும். "மட்டமான டிசைன்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரே தகடு மூன்று வேலை செய்கிறது: டிரிகரைத் தடுக்கிறது, போல்ட் (தோட்டாவைக் குழலில் ஏற்ற முன்னும் பின்னும் ஓடும் பாகம்) முழுசாகப் பின்னால் போகாமல் நிறுத்துகிறது, போல்ட் கைப்பிடி ஓடும் திறப்பை மூடித் தூசியையும் தடுக்கிறது. லீவரைச் சின்னதாக்கி இடப்பக்கம் கொண்டுபோனால் கட்டைவிரலுக்கு லாபம், ஆனால் அந்தத் திறப்பை மூட வேறு தகடு தேவைப்படும்.

இஸ்ரேலின் கலீல் ரைஃபிள் இதற்கு ஒரு வழி கண்டது. வலப்பக்கத் தகட்டை அப்படியே விட்டுவிட்டு, இடப்பக்கம் கட்டைவிரல் லீவர் ஒன்றைச் சேர்த்து இரண்டையும் இணைத்தார்கள். ஏ.கே.-203இல் அதைவிடச் சிக்கனமான வழி: அதே வலப்பக்கத் தகட்டில் ஆள்காட்டி விரல் வைக்க ஒரு சின்னத் திண்ணையை நீட்டிவிட்டார்கள். பிடியை விடாமல் விரலால் தள்ளலாம். உள்ளே எதுவும் மாறவில்லை. அமேதி மாவட்டம் கோர்வாவில் இப்போது தயாராவது இந்த ரைஃபிள்தான். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளில் செலக்டர் (நிலையை மாற்றும் லீவர்) இடப்பக்கம், கைப்பிடிக்கு மேலேயே இருக்கும்.

அமெரிக்காவின் எம்16 ரைஃபிள் வேறு பாதை. இடப்பக்கம், கட்டைவிரலுக்கு அடியிலேயே, சேஃப்–சிங்கிள்–ஆட்டோ என்று 90 டிகிரிக்கு ஒரு நிலை. எட்டுகிறது, வேகமாகவும் நகர்கிறது. ஆனால் சுத்தியல் காக் ஆகாமல், அதாவது பின்னால் இழுபட்டுச் சுடத் தயாராக நிற்காமல், இருந்தால் லீவர் சேஃப்புக்குப் போகாது. சிலருக்கு இது குறை. எங்கள் கணக்கில் இது பாதி குறை, பாதி நன்மை. லீவர் போக மறுத்தால் உள்ளே எந்த நிலை என்று கைக்கே தெரிகிறது அல்லவா?

இனி வேலைக்கு வருவோம்.

பக்கப்பலகைக்கு 12 மி.மீ பிளைவுட், 200-க்கு 120 மி.மீ. கைப்பிடியை ரப்பர் மரக்கட்டையில் செதுக்குங்கள்: உயரம் 110, குறுக்கு 45-க்கு 30, பின்பக்கமாக 15 முதல் 20 டிகிரி சாய்வு. லீவர் அச்சுக்கு 10 மி.மீ பிரைட் ராடு. அதை நேராகப் பிளைவுட் ஓட்டையில் விடாதீர்கள். ஐப்பசி மழையில் பிளைவுட் ஊறி ஓட்டை இறுகும், சித்திரையில் காய்ந்து லூஸாகும். எடுத்த அளவெல்லாம் வீண். பித்தளை புஷ் (அச்சு சுழலும் உள்குழாய்) ஒன்று கடைந்து இறக்கிவிடுங்கள்.

லீவர் 3 மி.மீ அலுமினியப் பட்டையில் மூன்று நீளம்: அச்சின் மையத்திலிருந்து 20, 28, 36 மி.மீ. ஒரே ஸ்க்ரூவில் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும்.

இந்த வேலையின் உயிர்நாடி கிளிக் குழி. லீவர் ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று உட்காருவது அதனால்தான். அச்சோடு சேர்ந்து திரும்பும்படி 3 மி.மீ இரும்புத் தகட்டில் 30 மி.மீ வட்டம் ஒன்று. மையத்திலிருந்து 10 மி.மீ தூரத்தில், நிலைக்கு ஒன்றாக மூன்று குழிகள். அதன்மேல் ஒரு இரும்பு குண்டு வில்லின் அழுத்தத்தில் உட்கார வேண்டும். குண்டுக்கு அலைய வேண்டாம், சைக்கிள் பின் சக்கர ஹப்பில் போடும் கால் அங்குல பால்ஸ் போதும். 6.35 மி.மீ. அதற்கு 20-க்கு 20-க்கு 30 அளவில் பித்தளைக் கட்டை ஒன்றில் 6.5 மி.மீ ஓட்டை துளைத்து, பின்பக்கக் கடைசி 10 மி.மீ-ஐ மட்டும் 6.8 ஆக்கி எம்8 மரை வெட்டுங்கள். குண்டு, வில், பின்னால் எம்8 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ). அரைச் சுற்றுக்கு வில் 0.6 மி.மீ-க்குச் சற்று மேல் அழுந்தும். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இதுவே வழி.

குழியின் விட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 4.5 மி.மீ குழியில் குண்டு சுமார் 0.9 மி.மீ இறங்கும். குண்டு விளிம்பைத் தொடும் சரிவு கிட்டத்தட்ட 45 டிகிரி. 3.5 மி.மீ குழியில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும், சரிவு 33 டிகிரி. லேசாகத் தட்டினாலே வெளியே வந்துவிடும். 5.5 வரை போனால் சரிவு 60 டிகிரியைத் தொடும், விரல் நோகும். ஆகவே சேஃப் குழியை 4.5 ஆகவும் மற்ற இரண்டையும் 4 ஆகவும் போடுங்கள். சேஃபிலிருந்து வெளியே வர அதிக பலம் வேண்டும், திரும்ப சேஃபுக்குப் போவது சுலபமாக இருக்க வேண்டும். எந்தத் தவறு உயிரை எடுக்கும் என்று பார்த்தால் இந்த வித்தியாசம் ஏன் என்று புரியும்.

இப்போது நவீன டிசைனில் எல்லோரும் கேட்கும் விஷயம்: லீவர் குறைவாகத் திரும்ப வேண்டும். 90 டிகிரி திரும்பும் 28 மி.மீ லீவரின் நுனி 44 மி.மீ நகர்கிறது. சின்னக் கை உள்ளவர் பிடியைத் தளர்த்தாமல் அவ்வளவு தூரம் தள்ளுவது கஷ்டம். 45 டிகிரி என்றால் 22 மி.மீ, சுகமாக இருக்கும். அப்படியானால் 30 டிகிரி இன்னும் சுகம் அல்லவா? அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். 10 மி.மீ ஆரத்தில் 45 டிகிரிக்கு ஒரு குழி என்றால் மையத்துக்கு மையம் 7.7 மி.மீ. நடுவில் 3 மி.மீ-க்கு மேல் தகடு மிஞ்சும். 30 டிகிரி என்றால் மையத்துக்கு மையம் 5.2 மட்டுமே. 4.5 குழிக்கும் 4 குழிக்கும் நடுவே மிஞ்சுவது 0.9 மி.மீ வரப்பு. சில நூறு தடவை தள்ளினால் குண்டு அந்த வரப்பை மழுக்கிவிடும். பிறகு 'டக்' என்பது 'கொழ' என்று ஆகும், லீவர் இரண்டு நிலைக்கும் நடுவில் நிற்கவும் செய்யும். எதில் நிற்கிறோம் என்று தெரியாத சேஃப்டியைவிடச் சேஃப்டியே இல்லாதது மேல், ஏனென்றால் இல்லாததை யாரும் நம்ப மாட்டார்கள். 30 டிகிரிதான் வேண்டும் என்றால் குழிவட்டத்தை 15 மி.மீ ஆரத்துக்கு எடுத்துப்போக வேண்டும். அப்போது வட்டத்தகடு பெரிதாகும், அசல் ரைஃபிளில் அதற்கு உள்ளே இடம் இருக்காது.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். 45, 30 இரண்டுக்கும் தனித்தனித் தகடு துளைத்து, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றித் தள்ளிப் பாருங்கள். மத்ததெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அடுத்தது நீளம். ஸ்பிரிங் தராசை, மீன் நிறுக்கும் தொங்கு தராசு இருந்தாலும் சரி, லீவர் நுனியில் கட்டி, 28 மி.மீ லீவர் சேஃபிலிருந்து 1.5 கிலோவில் நகரும்படி கிரப் ஸ்க்ரூவை வையுங்கள். ஸ்க்ரூவைத் தொடாமல் 36 லீவரை மாட்டினால் 1.2 கிலோவுக்கு நகர்ந்துவிடும். 20 லீவருக்கு 2.1 கிலோ. நீள லீவர் விரலுக்கு நல்லது, தோள்வாருக்கும் புதருக்கும் அதைவிட நல்லது. எல்லாம் அதைப் பிடித்து இழுக்கும். ஒரு கோணிப்பையை லீவர்மேல் மேலும் கீழுமாக 20 தடவை இழுங்கள், எத்தனை தடவை சேஃப் விலகுகிறது என்று எண்ணுங்கள். 36 லீவரின் நுனியைப் பக்கப்பலகையோடு ஒட்டி மடக்கினால் எண்ணிக்கை குறையும். ஆனால் கையுறை போட்டவருக்கு அது பிடிபடாது.

இரண்டு பக்கமும் லீவர் என்பது இடக்கைக்காரர்களுக்கு நியாயம். அதில் இரண்டு சிக்கல். வலக்கைக்காரருக்கு வலப்பக்க லீவர் ஆள்காட்டி விரலின் அடியில் முட்டும். ஆகவே அந்தப் பக்கம் 20 மி.மீ போதும். இன்னொன்று ஆட்டம். இரண்டு லீவரையும் இணைக்கும் இடத்தில் 2 டிகிரி ஆட்டம் இருந்தால் 28 மி.மீ நுனியில் அது 1 மி.மீ. புதிதாக இருக்கும்போதே 1 மி.மீ என்றால் தேய்ந்த பிறகு ஒரு பக்கம் சேஃப் காட்டும், மறுபக்கம் சேஃப் காட்டாது. செலவைக் காரணம் சொல்லிச் சதுர முனையைத் தட்டிப் பொருத்தாதீர்கள். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் தட்டையாக வெட்டி, லீவரை மாட்டி, குறுக்கே ஒரு பின் (pin) அடித்து இறுக்குங்கள்.

வடசென்னையில் இருப்பவர்களுக்குச் சோதனைக்கு ஒரு வசதி உண்டு. உப்பு, மணல், சாம்பல் மூன்றும் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கும். காசிமேட்டுக் கடல்தண்ணியில் மாதிரியை ஒரு ராத்திரி முக்கி வைத்து, இரண்டு நாள் அப்படியே காயவிடுங்கள். இரும்பு அச்சில் அலுமினிய லீவர் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். நைலான் வாஷர் ஒன்று போட்டால் அரிப்பு வெகுவாகக் குறையும், ஆனால் அந்த வாஷரே ஆட்டத்தைக் கூட்டும். பிளாஸ்டிக் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். பிரிட்டனின் எல்85 ரைஃபிளில் பிளாஸ்டிக்கில் வார்த்த சேஃப்டி பொத்தான் ஈரத்தில் உப்பி இறுகி, பிறகு உலோகத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

திருவொற்றியூர் கடற்கரை மணல் இந்தக் குண்டை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. குண்டுக்கும் ஓட்டைக்கும் உள்ள இடைவெளி 0.15 மி.மீ, மணல் பெரும்பாலும் அதைவிடப் பருமன். அனல் மின்நிலையச் சாம்பல்தான் எமன். அதில் பெரும்பகுதி 0.1 மி.மீ-க்கும் பொடி. எண்ணெயோடு கலந்தால் களியாகி, குண்டு மேலே வந்த இடத்திலேயே நின்றுவிடும். 'டக்' போய்விடும், லீவர் எங்கே விட்டாலும் நிற்காது. கிரீஸை வழிய வழிய அடைப்பவர்களுக்கு இதுதான் நடக்கும். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, மீதியைத் துணியால் ஒற்றி எடுங்கள். இடைவெளியை 0.3 ஆக்கினால் சாம்பல் தானே உதிரும், ஆனால் குண்டு பக்கவாட்டில் ஆடி 'டக்' மந்தமாகும். எது வேண்டும் என்பதைச் சோதனைத் தாளில் காரணத்தோடு எழுதுங்கள்.

ஆட்களை வைத்துச் சோதிக்கும்போது நண்பர்கள் ஐந்து பேரோடு முடித்துவிடாதீர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே வயசு, ஒரே மாதிரிக் கை. சின்னக் கை உள்ள பெண் ஒருவர், இடக்கைக்காரர் ஒருவர், வெல்டிங் கையுறை போட்டவர் ஒருவர், ஈரமான ரப்பர் கையுறையோடு ஐஸ் தூக்குகிறவர் ஒருவர் கண்டிப்பாக வேண்டும். ஒவ்வொருவரும் இருபது தடவை. போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 4 மில்லிசெகண்ட் கணக்கு. விரல் நகரத் தொடங்கிய ஃபிரேமிலிருந்து லீவர் உட்கார்ந்த ஃபிரேம் வரை எண்ணுங்கள். சேஃப்பை எடுக்கும் நேரத்தை மட்டும் எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. திரும்ப சேஃப் போடும் நேரத்தையும், சிங்கிளில் நிற்காமல் தாண்டி ஓடிய தடவைகளையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

தாண்டி ஓடுவது கையுறைக்காரர்களிடம்தான் அதிகம் தெரியும். பதற்றத்தில் விரல் கடைசி வரை தள்ளிவிடும். ஏ.கே.யில் கடைசி நிலையாகச் சிங்கிள் இருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்வதுண்டு. எம்16 வரிசையில் கடைசியில் இருப்பது ஆட்டோ. நடு நிலைக்கும் கடைசி நிலைக்கும் பெயரை மாற்றி வைத்து இரண்டு வரிசையையும் அதே ஆட்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஆனால் முதல் நாள் ஒரு வரிசையில் பழகியவரை அதே நாளில் மற்ற வரிசையில் சோதித்தால் பழகிய கை ஏமாற்றும். குறைந்தது ஒரு வாரம் விட்டுச் சோதியுங்கள். படைக்கும் இதே சிக்கல் உண்டு. பத்து வருஷம் ஒரே பக்கம் தள்ளிப் பழகிய கட்டைவிரலிடம் புது லீவரைக் கொடுத்தால் முதலில் பழைய இடத்தைத்தான் தேடும்.

எழுத்துக் குறியைக் கடைசியில் போடுங்கள். எழுத்தைவிடத் தோட்டாப் படம் எல்லா மொழிக்காரருக்கும் புரியும். ஜெர்மன் ஹெக்லர் அண்ட் காக் ரைஃபிள்கள் அப்படித்தான் வெள்ளை, சிவப்புத் தோட்டாக்களைப் பொறித்தன. பெயின்ட் மட்டும் அடித்தால் உப்புக்காற்றில் உரிந்துவிடும், குழியாகப் பொறித்து அதில் பெயின்டை நிரப்புங்கள். இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை என்பதால் லீவர் சேஃப்பில் இருக்கும்போது மட்டும் நுனி தொடும்படி பக்கப்பலகையில் 1.5 மி.மீ உயரப் புடைப்பு ஒன்று ஒட்டிவிடுங்கள். லீவர் அதைத் தொட்டால் சேஃப், தொடாவிட்டால் இல்லை. அந்தப் புடைப்பையும் கோணிப்பைச் சோதனைக்கு மறுபடி உட்படுத்த வேண்டும், ஏனென்றால் கோணி நூல் இப்போது அங்கேயும் மாட்டும்.