கல்லீரல் செல்லுல சோப்பு கெமிக்கல் டெஸ்ட் பண்றவங்க கவனிக்க வேண்டியது

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு ட்ரைக்ளோசான் (சோப்புல போடற கிருமிக்கொல்லி), பாராபென் (கெடாம இருக்கப் போடறது)னு எடுத்துட்டு ஹெப்ஜி2ங்கற மனுசக் கல்லீரல் புத்துநோய் செல்லுல எம்டிடி (செல் உயிரோட இருக்கான்னு நிறத்தை வெச்சுப் பாக்கற டெஸ்ட்) பண்ணப் போற தம்பி தங்கச்சிகளுக்குத்தானுங்க இது.

புனே என்சிசிஎஸ்ல (தேசிய செல் அறிவியல் மையம்) இருந்து செல் வந்ததும் அவசரப்படாதீங்க, ரெண்டு மூணு பாசேஜ் (வளந்த செல்லைப் பிரிச்சுப் புதுசா வளக்கறது) போகட்டும். ஹெப்ஜி2 கட்டி கட்டியா ஒட்டிக்கிற ஜாதி, பைப்பெட்ல பொறுமையா கலைச்சுட்டு 96 வெல் (குழி) ப்ளேட்ல வெல்லுக்கு 10,000 செல் போடுங்க, ஓரத்து வெல்லெல்லாம் சீக்கிரம் வத்திரும் அதனால அதுல பிபிஎஸ்ங்கற உப்புக் கரைசல் மட்டும் ஊத்திருங்க. 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு, ஒரு நாள் ஒட்ட விட்டுட்டு அப்பறம் கெமிக்கல்.

ட்ரைக்ளோசான் தண்ணில கரையாதுங்க, டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல கரைச்சுக்கோங்க. ஆனா எல்லா டோஸ்லயும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு இருக்கோணும், 0.5% தாண்டக் கூடாது, கெமிக்கல் இல்லாம அதே டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட வெல்லும் கட்டாயம் வேணும். சீரம் புரோட்டீன் ட்ரைக்ளோசானைப் புடிச்சு வெச்சுக்கும், அதனால 10% எஃப்பிஎஸ்ல (மாட்டுக் கன்னு சீரம்) வர்ற ரிசல்ட்டும் சீரம் இல்லாம வர்றதும் வேற வேற, எதுல பண்ணுனீங்கன்னு நோட்ல எழுதிருங்க.

24 மணி நேரம் கழிச்சு எம்டிடி, மில்லிக்கு 0.5 மில்லிகிராம், 3-4 மணி நேரம். உயிரோட இருக்கற செல்லு மஞ்சள் நிற எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானா மாத்தும், அதை டிஎம்எஸ்ஓல கரைச்சு 570 நானோமீட்டர்ல ரீடிங் எடுக்கோணும்.

நான் ஏமாந்த எடம் இங்கதானுங்க. மஞ்சள் போட்ட ஃபேஸ்வாஷ் சாம்பிள் ஒண்ணு, 120% உயிர் இருக்குன்னு காட்டுச்சு, நானும் நம்பி கைடுகிட்ட போய் சொல்லிட்டேன். பொறவு செல்லே இல்லாத வெல்லுல அதே சாம்பிளையும் எம்டிடியும் போட்டுப் பாத்தா அதுவும் ஊதா! மஞ்சள்ல இருக்கற குர்குமின் மாதிரிப் பொருளு செல் இல்லாமயே எம்டிடியை மாத்திரும். அதனால செல் இல்லாத வெல் எப்பவும் வெய்யுங்க, எம்டிடி போடறதுக்கு முந்தி பிபிஎஸ்ல அலசுங்க, சந்தேகம்னா எல்டிஎச்சும் (செத்த செல்லுல இருந்து கசியற என்சைம்) பாருங்க.

அப்பறம் ரிப்போர்ட்ல "பாதுகாப்பானது"ன்னு மட்டும் எழுதீராதீங்க. ஹெப்ஜி2ல சிஒய்பி என்சைம் (மருந்தைக் கல்லீரல்ல மாத்தறது) ரொம்பக் கம்மி, பாராசிட்டமால் மாதிரி கல்லீரல்ல மாறுன பொறவு வெஷமாகறதெல்லாம் இதுல சரியாத் தெரியாது, அதுக்கு ஹெப்பாஆர்ஜி மாதிரி அந்த என்சைம் நல்லா இருக்கற கல்லீரல் செல்லு வேணும். ஒரே ப்ளேட்ல இருக்கற மூணு வெல்லை மூணு தடவை பண்ணுனதா கணக்கு காட்டறதும் வேண்டாமுங்க, மூணு தனித்தனி நாள்ல பண்ணுங்க.