ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா? புது மோட்டர் வாங்குவதற்கு முன்

கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஒரு ஆடி வெள்ளி. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வாகனங்கள் பிரெட்றிக் கோட்டைக்குள் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. மச்சானின் பழைய கொரொல்லாவில் நான் முன்சீட்டில். நிலாவெளியிலிருந்து வரும்வரை பாதிக்குக் கீழே நின்ற வெப்ப முள், கோட்டைக்குள் நின்று நின்று போன பத்து நிமிடத்தில் சிவப்பைத் தொட்டது. பொனட்டைத் திறந்தால் ஃபேன் அசையாமல் நிற்கிறது. அடுத்த நாளே ஒரு கராஜில் மோட்டரை மாற்றினார்கள். ஒரு கிழமைதான் தாங்கியது. பிழை மோட்டரில் இருக்கவில்லை. எர்த் வயரைக் காரின் உடலில் இறுக்கியிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு. மோட்டர் மாற்றும்போது வயர் கொஞ்சம் அசைந்ததால் அந்த ஒரு கிழமைக்குத் தொடுப்புக் கிடைத்திருக்கிறது. சுரண்டித் துடைத்து இறுக்கியதும் சரியாகிவிட்டது. நல்ல மோட்டரைக் கழற்றி எறிந்த காசு போனது போனதுதான்.

ஃபேனால் சுற்ற முடியவில்லையா, அல்லது சுற்றச் சொல்லி அதற்கு மின்சாரம் வரவில்லையா? இதைக் கேட்காமல் சாமான் வாங்குவதுதான் பெரிய தவறு.

அதற்கும் முன்னால், குற்றவாளி ஃபேன்தானா என்று பாருங்கள். கந்தளாய் வீதியில் 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது சூடு ஏறினால் ஃபேனில் கை வைக்க வேண்டாம். அந்த வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். அடைபட்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது நல்லது, டவுனில் நின்றால் சூடு என்றால்தான் ஃபேன் பக்கம் வர வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடத்தில் "ஃபேன் வேலை செய்யுதில்லை" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பெரும்பாலான கார்களில் தண்ணீர் 90 முதல் 100 பாகை வரை சூடானால்தான் அது சுற்றத் தொடங்கும். ஏசியைப் போட்டுப் பார்ப்பது சுலபமான சோதனை. அநேகமான கார்களில் ஏசி கொம்பிரசர் பிடித்ததும் ஃபேனும் சுற்றும். ஆனால் காஸ் குறைந்து கொம்பிரசரே பிடிக்காவிட்டால் இந்தச் சோதனை பொய் சொல்லும்.

தண்ணீர் மட்டத்தைப் பார்க்காமல் வயரை நோண்டுவது அடுத்த தவறு. வெப்ப சென்சர் தண்ணீரில் முழுகி இருந்தால்தான் சரியாக உணரும். தண்ணீர் குறைந்தோ, உள்ளே காற்று அடைபட்டோ இருந்தால், எஞ்சின் கொதிக்கும்போதுகூட அது ஃபேனை அழைக்காமல் இருந்துவிடலாம். எஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் 100 பாகையைத் தாண்டிய தண்ணீர், மூடி கழன்ற கணத்தில் ஆவியாகி முகத்தில் பாயும். கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்ற வேண்டாம். கூலன்ட்தான் சரி.

இனி மோட்டர். கொனெக்டரைக் கழற்றி, பற்றரியிலிருந்து இரண்டு வயரை, ஒன்றில் பியூஸ் வைத்து, நேரே மோட்டருக்குக் கொடுங்கள். சுற்றினால் மோட்டர் நல்லது, பிழை அதற்கு மின்சாரம் வரும் வழியில் எங்கோ இருக்கிறது. சுற்றாவிட்டால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் சுற்றினால் உள்ளே மின்சாரம் கொடுக்கும் கரி பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கையால் சுழற்றும்போது இறுக்கமாக இருந்தால் பெயாரிங். ஆனால் கொனெக்டர் மாட்டியிருக்கும்போது இதழ்களுக்குள் விரலை விடாதீர்கள். சில கார்களில் சாவியைக் கழற்றிய பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும்.

பியூஸ் எரிந்திருந்தால் பெரிய பியூஸ் போடுவது நெருப்புக்கு வழி. 30 அம்பியர் பியூஸ் சும்மா எரிவதில்லை. மோட்டர் இறுகி அதிகம் இழுக்கிறது, அல்லது எங்கோ வயர் உரசுகிறது. ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே "டிக்" என்று சத்தம் போட்டால் நல்லது என்று விட்டுவிடுவதும் தவறு. சத்தம் வரும், ஆனால் உள்ளே தொடுமுனை கருகியிருக்கலாம். அதே பெட்டியில் அதே இலக்கமுள்ள ஹோர்ன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

சென்சர் விஷயத்தில் ஒருவர் காரின் வழி இன்னொருவர் காருக்குச் சரிவராது. பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் ஃபேனைப் போடும் வெப்ப சுவிட்சின் கொனெக்டரைக் கழற்றினாலே ஃபேன் சுற்றும். பழைய ஹொண்டாக்களில் கழற்றிய இரண்டு முனையையும் சேர்த்தால்தான் சுற்றும். கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் புதுக் கார்களில் வயரை ஷோட் பண்ணவே வேண்டாம், ஸ்கானர் போட்டுப் பாருங்கள். டாஷ்போர்ட் முள்ளுக்கு ஒரு சென்சர், ஃபேனுக்கு வேறொன்று என்றிருக்கும் கார்களும் நிறைய. முள் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக மற்றதும் நல்லது என்று எண்ண வேண்டாம்.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நம்மூரில் நான் அதிகம் வற்புறுத்துவது தொடுப்புகளைத்தான். உப்புக்காற்று கொனெக்டருக்குள் புகுந்து களிம்பு கட்டுகிறது. மீற்றர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். ஏனென்றால் மீற்றர் மின்சாரம் இழுப்பதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. அரித்துப்போன ஒற்றை இழைகூட அதற்குப் போதும். ஃபேன் மாட்டியிருக்க, ஓட வேண்டிய நேரத்தில் அளந்து பாருங்கள். அல்லது ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கொனெக்டரில் கொடுங்கள். மங்கலாக எரிந்தால் எங்கோ தொடுப்பு சரியில்லை.

டாஷ்போர்டில் சுவிட்ச் வைத்து "டிரெக்ட்" கொடுக்கிற பழக்கத்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். பியூஸும் ரிலேயும் இல்லாமல் அந்தச் சின்ன சுவிட்ச் உருகும். மறந்து போடாமல் விட்டால் ஹெட் கஸ்கெட் போகும், மறந்து போட்டு விட்டால் பற்றரி போகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அப்படித்தான். எரிபொருள் அதிகம் குடிக்கும், ஃபேன் பிழை அப்படியே இருக்கும்.

பழைய ஹையேஸ் வான்கள் பலவற்றில் எஞ்சினே ஃபேனைச் சுழற்றுகிறது, அங்கே பார்க்க வேண்டியது எஞ்சினையும் ஃபேனையும் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் வயர்களைத் தொடாமல் ஹைபிரிட் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

வேலை முடிந்ததும் ஏசியை நிறுத்தி, காரை நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். ஃபேன் தானாகச் சுற்றி, நின்று, மறுபடி சுற்ற வேண்டும். சுற்றும்போது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கடதாசியைப் பிடியுங்கள். அது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் மோட்டரின் வயர் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது, உடனே மாற்றச் சொல்லுங்கள்.