ஷெட் கூரை ஒழுகாமல் இருக்க: ஷிங்கிள்ஸுக்கு அடியில் போடும் விரிப்பு

பழைய சைக்கிளும் பாதி தீர்ந்த பெயிண்ட் டப்பாவும் கிடக்கிற ஷெட்டுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அடிவிரிப்பெல்லாம் வீட்டுக் கூரைக்குத்தான், ஷெட்டுக்குப் பிளைவுட் மேல் நேரே ஷிங்கிள்ஸ் (ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வரிசையாக அடிக்கும் கூரை வில்லைகள்) அடித்தால் போதும் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வீட்டுக்குள் சொட்டு விழுந்தால் அன்றைக்கே ஏணியை எடுப்போம். ஷெட்டில் பலகை உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்த பிறகுதான் யாராவது அண்ணாந்து பார்ப்பார்கள்.

அப்படி ஒரு பலகையைக் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். ஆணி இறங்கிய இடமெல்லாம் கறுப்பு வட்டம், நடுவே துருவேறிய முனை. விரலால் அழுத்தினால் மரம் ஈர அட்டை மாதிரி உள்ளே போனது. மேலே ஏறிப் பார்த்தால் ஷிங்கிள்ஸ் ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை ஷிங்கிள்ஸுக்கு அடியில் ஏறி, ஆணியைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. அடிவிரிப்பு இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் அதன் மேலேயே வழிந்து வெளியே போயிருக்கும்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். தாரில் ஊறவைத்த கனத்த தாள் போன்ற ஃபெல்ட், பிளாஸ்டிக் இழையால் ஆன சிந்தெடிக், அடியில் பசையுள்ள ஒட்டும் விரிப்பு. ஃபெல்ட்டில் 15, 30 என்று எண் போட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் 100 சதுர அடிக்கு அத்தனை பவுண்ட் எடை என்று பொருள். இப்போது வருபவை அதைவிட லேசானவை. சின்ன ஷெட்டுக்கு, கையோடு ஷிங்கிள்ஸும் போட்டு முடித்துவிடுவீர்கள் என்றால் 15 போதும். வேலை இழுக்கும் என்று தெரிந்தால் யோசிக்காமல் சிந்தெடிக் வாங்குங்கள். நனைந்தால் சுருங்காது, லேசில் கிழியாது. ஃபெல்ட் ஈரம் பட்டால் அலை அலையாக எழும்பும், அந்த மேடு ஷிங்கிள்ஸுக்கு மேலேயும் தெரியும். ஒட்டும் விரிப்பு விலை கூடுதல். பனி உறையும் இடங்களில் கீழ் விளிம்புக்கும், சுவரோடு கூரை சேரும் மூலைக்கும் மட்டும் வைத்துக்கொள்வேன். மீந்த பாலிதீன் ஷீட்டை விரித்துவிடலாமா என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அது பலகையில் உள்ள ஈரத்தை வெளியே விடாது, அதன் மேல் காலும் நிற்காது.

வாங்கும் முன் வாட்டத்தை அளந்துவிடுங்கள். 12 அங்குல நீளத்துக்கு ரசமட்டத்தை ஒரு முனை கூரையைத் தொடும்படி கிடையாகப் பிடித்து, அதன் மறுமுனைக்கும் கூரைக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 4 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு அடுக்கு போதும். 2 முதல் 4 வரை என்றால் தண்ணீர் மெதுவாகத்தான் ஓடும், இரண்டு அடுக்கு வேண்டும்: 36 அங்குல ஃபெல்ட்டில் 19 அங்குலம் அடுத்த வரிசைக்கு அடியில் போகிற மாதிரி ஏற்றிப் போட வேண்டும். அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ரோல். 2-க்கும் கீழே என்றால் அந்தக் கூரைக்கு ஷிங்கிள்ஸே சரிப்படாது.

பலகையைப் பெருக்கி, துருத்தி நிற்கும் ஆணித் தலைகளை அடித்து இறக்குங்கள். பழைய பலகை என்றால் ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பாருங்கள். இறங்கினால் அந்தத் துண்டை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

இனி விளிம்புத் தகடு, அதாவது கூரையின் ஓரங்களில் அடிக்கும் மடித்த உலோகப் பட்டை. பலர் தடுமாறுவது இங்கேதான். தண்ணீர் சொட்டும் கீழ் விளிம்பில் முதலில் தகடு, அதன் மேல் விரிப்பு. இரண்டு பக்கச் சரிவு விளிம்புகளில் நேர் எதிர்: முதலில் விரிப்பு, அதன் மேல் தகடு. கீழே தகட்டுக்கு அடியில் விரிப்பு மாட்டிக்கொண்டால், வழிந்து வரும் தண்ணீர் நேரே பலகையின் ஓரத்துக்குள் போகும். பக்கங்களில் விரிப்பு மேலே இருந்தால் காற்று அதைத் தூக்கும்.

விரிப்பதைக் கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். முதல் வரிசை கோணினால் முகடு வரைக்கும் கோணல்தான், அதனால் நூல் அடித்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ரோலின் நுனியில் ஓர் ஆணி அடித்து, கொஞ்சம் விரித்து, இழுத்து நேர் பார்த்து, பிறகு மற்ற ஆணிகள். அடுத்த வரிசை முந்தைய வரிசையின் மேல் ஏற வேண்டும்: ஃபெல்ட்டுக்குக் குறைந்தது 2 அங்குலம், நான் 4 விடுவேன். சிந்தெடிக்கில் எவ்வளவு ஏற வேண்டும் என்று ரோலிலேயே கோடு அச்சிட்டிருக்கும். ரோல் தீர்ந்து பக்கவாட்டில் ஒட்டுப்போட நேர்ந்தால் 6 அங்குலம் ஏற்றுங்கள். மேல் வரிசை ஒட்டும் கீழ் வரிசை ஒட்டும் ஒரே நேரில் வரவே கூடாது. சரிவு 8 அடி நீளம் என்றால் 36 அங்குல ரோலில் மூன்று வரிசை பிடிக்கும்.

ஸ்டேப்ளர் வேகமாக இருக்கும், ஆனால் பலத்த காற்றில் பின் இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும். பிளாஸ்டிக் தொப்பி வைத்த ஆணி வாங்குங்கள். ஓரங்களிலும் ஒட்டுகளிலும் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 12-க்கு ஒன்று அடிக்கலாம். தொப்பி விரிப்போடு படிந்து உட்கார வேண்டும், அமுங்கி வெட்டிவிடக் கூடாது. சிந்தெடிக் மேல் பனித்துளி இருக்கும்போது ஏறாதீர்கள், சோப்பு போட்ட மாதிரி வழுக்கும்.

முகட்டில் ஒரு பக்க விரிப்பை மறுபக்கம் 6 அங்குலம் மடக்கிப் போட்டு, அந்தப் பக்கத்து விரிப்பையும் இதேபோல் இங்கே கொண்டுவாருங்கள். ஷெட் ஒரு சுவரை ஒட்டி நின்றால் விரிப்பைச் சுவரில் குறைந்தது 4 அங்குலம் ஏற்றிவிட வேண்டும். சுவர்ப் பலகை அதன் மேல் இறங்கி மூட வேண்டும்.

ஷிங்கிள்ஸ் இல்லாமல் தகரம் போடுகிறவர்களுக்கும் விரிப்பு தேவைதான். ராத்திரியில் தகரம் குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் அடிப்பக்கத்தில் வியர்த்து, விடியற்காலையில் மழையே இல்லாமல் சொட்டும். அந்தச் சொட்டை விரிப்பு வாங்கிக் கீழ்த் தகட்டுக்கு அனுப்பிவிடும். இதற்கு ஃபெல்ட் வேண்டாம், சூட்டில் தார் இளகித் தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். சூடு தாங்கும் சிந்தெடிக் என்று கேட்டு வாங்குங்கள்.

விரித்தாயிற்று என்று அப்படியே மாதக்கணக்கில் விட்டுவைப்பவர்களைப் பார்க்கிறேன். வெயில் இதைத் தின்றுவிடும். சிந்தெடிக் எத்தனை நாள் தாங்கும் என்று உறையில் போட்டிருக்கும், அதற்குள் மூடிவிடுங்கள். ஃபெல்ட்டை அவ்வளவு நாள்கூட விட்டுவைக்காதீர்கள். மூடும் முன் ஒருமுறை சுற்றிவந்து, காலணி பட்டுக் கிழிந்த இடம் இருந்தால் புதுத் துண்டின் மேல் ஓரத்தை மேல் வரிசைக்கு அடியில் செருகி ஒட்டுப்போடுங்கள். மீந்த ஃபெல்ட் ரோலை நட்டமாக நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்தால் நசுங்கி, அடுத்த தடவை விரிக்க வராது.